பழைய படமா? எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

போயா லீவுக்கு வீட்டில் இருந்து பழைய அறிவியல் புனைகதைப் படம் ஏதாவது பார்க்கப் போகிறீர்களா? பெயரைத் தேடினால் மட்டும் போதாது, எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள்.

'பிளேட் ரன்னர்' நல்ல உதாரணம். 1982இல் தியேட்டருக்கு வந்தபோது கதாநாயகனின் குரலில் விளக்கவுரை போட்டு, முடிவையும் சுபமாக்கியிருந்தார்கள். 1992 பதிப்பில் இரண்டும் போய், ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடும் கனவு ஒன்று சேர்ந்தது. சில நொடிதான். ஆனால் நாயகன் மனிதனா, செயற்கை மனிதனா என்ற சண்டை சூடு பிடித்ததே அதனால்தான்! இயக்குநர் ரிட்லி ஸ்கொட் முழு உரிமையோடு முடித்தது 2007 பதிப்பு. முதல் தரம் பார்ப்பவர்கள் அதையே பாருங்கள். விளக்கவுரை உள்ளதை அப்புறம் வேடிக்கைக்குப் பார்க்கலாம்.

பதிப்பின் பெயர் போடவில்லையா? ஓடும் நேரத்தைப் பாருங்கள். டெர்ரி கில்லியமின் 'பிரேஸில்' முழுசாக 142 நிமிடம். அமெரிக்க டீவிக்காக வெட்டியது 94. முடிவும் வேறு.

டீவி செட்டிங்ஸில் 'மோஷன்' என்று வரும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்குள் டீவி தானாக இடைப்படங்களைச் செருகினால், எல்லாம் சீரியல் மாதிரித்தான் தெரியும்.

கடைசியாக, நம்ம கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், இயக்குநர் குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய '2001' படம். அதன் முழுப் பதிப்பில் தொடக்கத்தில் கறுப்புத் திரையில் இசை மட்டும் ஓடும். டீவி பழுது என்று எழும்பிப் போய் வயரை ஆட்டாதீர்கள்.