பே விண்டோ வேன்: துரு நீக்கி, உயரம் குறைத்து, மறுபடி சாலைக்கு

இருபது முப்பது வருடம் கொட்டகையிலோ வேலியோரத்திலோ நின்றுபோன ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வேனை வீட்டிலேயே எழுப்பித் தாழ்த்துவதற்கான செய்முறை இது. 1967 ஆகஸ்டிலிருந்து 1979 வரை ஜெர்மனியில் தயாரான, முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்திருக்கும் 'பே விண்டோ' வேனுக்கு மட்டும். அதற்கு முந்தைய, கண்ணாடி இரண்டாகப் பிரிந்த வேனில் ஸ்விங் ஆக்ஸிலும் ரிடக்‌ஷன் பாக்ஸும் இருக்கும். பின்பக்கக் கணக்கே வேறு. இங்கே சொல்வதை அதில் செய்து பார்க்க வேண்டாம். ஜாக்கி போடுவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வேலையின் வரிசை: துரு, எஞ்சின், பிரேக், கடைசியில் உயரம். பலரும் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். தாழ்த்திய வேனுக்கு அடியில் படுத்து வெல்டிங் செய்ய இடம் போதாது. உள்ளே கட்டில், அலமாரி, பெட்ரோல் எதுவும் இல்லாத வெற்று வேனில் உயரத்தை வைத்தால், சாமான் ஏறியதும் அது இன்னும் கீழே போய் டயர் வளைவில் உரசும்.

சாமான் வாங்கும் முன் வேனின் வருடத்தை உறுதி செய்யுங்கள். 1970 ஆகஸ்டுக்கு முந்தையதில் முன்பக்கம் டிரம் பிரேக், சக்கர போல்ட் அளவு 5க்கு 205 மி.மீ. (ஐந்து போல்ட், 205 மி.மீ. விட்ட வட்டத்தில்). அதன் பிறகு வந்ததில் டிஸ்க், 5க்கு 112. ரிம்மும் ஸ்பிண்டிலும் (முன்சக்கரம் மாட்டும் அச்சுத்துண்டு) இந்த இரண்டுக்கும் இடையே மாறிப் பொருந்தாது.

துரு

பெயின்டைப் பார்த்து வேனை எடை போடாதீர்கள். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும், செத்த தகடு 'பொத்' என்று ஒலிக்கும். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பக்கவாட்டு சில், அதன் உள்சுவர், சில்லைத் தாங்கும் அவுட்ரிக்கர், ஜாக்கி போடும் இடம், முன்சக்கர வளைவு, டிரைவர் ஏறும் படி, முன்கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு, கூரையோர நீர்க்கால், பேட்டரித் தட்டு என்று ஓர் இடம் விடாமல் தட்டுங்கள். சில் என்பது ஒரே தகடு இல்லை. வெளியே ஒன்று, நடுவில் ஒன்று, உள்ளே ஒன்று. வெளித்தகடு மட்டும் புதிதாக ஒட்டிய வேன்கள் ஏராளம். அதற்குள் நடுத்தகடு பொடியாகியிருக்கும்.

சில்லை வெட்டும் முன் கதவுகளைக் கழற்றாதீர்கள். கதவு மூடியபடி எல்லா இடைவெளிகளையும் அளந்து எழுதுங்கள், குறிப்பாகச் சறுக்குக் கதவு. வேனின் எடையை ஸ்டாண்டுகள் சேஸிஸ் ரெயிலில்தான் தாங்க வேண்டும், தரைத்தகட்டில் அல்ல. திறப்பின் குறுக்கே சதுரக் குழாய் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்த பிறகே கிரைண்டரைத் தொடுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் உடல் நடுவில் தொய்யும், பிறகு அந்தக் கதவு மூடாது.

வெல்டிங்குக்கு மிக் மெஷின், 0.6 மி.மீ. கம்பி. வாயு இல்லாத ஃப்ளக்ஸ் கம்பி விலை குறைவு என்றாலும் இந்த மெல்லிய தகட்டில் ஓட்டைதான் விழும். ஃபேக்டரியில் ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் 6–8 மி.மீ. துளை போட்டு, 30–40 மி.மீ. இடைவெளியில் நிரப்புங்கள். நீளக்கோடாக இழுக்காமல், இங்கொன்று அங்கொன்று வைத்துச் சூடு ஆறவிடுங்கள். முடிந்ததும் எப்பாக்ஸி பிரைமர், மூட்டுகளில் சீம் சீலர். பெயின்ட் காய்ந்த பிறகு உட்கூடுகளில் கேவிட்டி வாக்ஸ். இதற்கு எனக்கு டைனாக்ஸ் எஸ்50 தான் பிடிக்கும், இடுக்குகளில் நன்றாக ஊர்ந்து போகிறது. ரஸ்ட் கன்வர்ட்டர் மேல்துருவுக்கு மட்டும். ஓட்டை விழுந்த இடத்தில் அதைப் பூசி மேலே பட்டி போடுவது வேனுக்குச் செய்யும் துரோகம்.

எஞ்சின்

1600 சிசி காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் என்றால், சாவியைத் திருப்பும் முன் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் ஜெனரேட்டர் புல்லி நட்டில் 21 மி.மீ. ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். இறுகினால் பலம் காட்டாதீர்கள். மீண்டும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுற்றியதும் கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து, டயல் கேஜில் ஆட்டத்தைப் பாருங்கள். 0.07 முதல் 0.13 மி.மீ. நல்லது. 0.15ஐத் தாண்டினால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும், அதன் மேல் வேறு செலவு செய்யாதீர்கள்.

ஆட்டம் சரியாக இருந்தால் ஆயில் 2.5 லிட்டர் மாற்றி, அடியிலுள்ள வடிகட்டி வலையைக் கழுவுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு கிளியரன்ஸ் 0.15 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.4, பிளக் இடைவெளி 0.7.

பெட்ரோல் ஹோஸ்களில் ஒன்றைக்கூடப் பழசாக விடாதீர்கள். இந்த எஞ்சினின் கூடு மெக்னீசியம் கலவை. ஹோஸ் வெடித்துப் பெட்ரோல் சொட்டித் தீப்பிடித்தால் சாதாரணத் தீயணைப்பானுக்கு அடங்காது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது). அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தர ஹோஸ் போட்டு, ஒவ்வொரு முனையிலும் கிளிப் மாட்டுங்கள். டேங்கைக் கழுவ எப்படியும் எஞ்சின் இறங்க வேண்டும். அந்த ஒரே தடவையில் டேங்க், ஹோஸ், எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் மூன்றையும் முடித்துவிடுங்கள். சீல் இல்லாவிட்டால் அடியிலிருந்து வரும் சூடான காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சும்.

பிரேக்

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். காலை எடுத்த பிறகும் சக்கரம் பிடித்தே இருந்தால் காரணம் அதுதான். டாட் 4 பிரேக் ஆயில் ஒரு லிட்டர் போதும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் காற்றெடுங்கள்.

முன்பக்கத்தைத் தாழ்த்துவது

முன்னால் இரண்டு குறுக்குக் குழாய்கள், அவற்றுக்குள் முறுகி ஸ்ப்ரிங்காக வேலை செய்யும் அடுக்கடுக்கான டார்ஷன் பட்டைகள். தாழ்த்த மூன்று வழிகள் உண்டு. டிராப் ஸ்பிண்டில் போடுவது முதல் வழி. குழாய்களின் நடுவை வெட்டி அட்ஜஸ்டர் பற்றவைத்துப் பட்டைகளைத் திருப்புவது இரண்டாவது. மூன்றாவதாகச் சிலர் சில பட்டைகளை உருவி எடுத்துவிடுகிறார்கள். அதை யாரும் செய்யக்கூடாது. ஸ்ப்ரிங் பலம் போய், பள்ளத்துக்குப் பள்ளம் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது டிராப் ஸ்பிண்டில் மட்டும்தான். அது சக்கர அச்சை 60–75 மி.மீ. மேலே தூக்கி வைக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கை அமைப்பு இருந்த கோணத்திலேயே இருப்பதால் ஸ்ப்ரிங் ஓட்டம் குறையாது, பால் ஜாயிண்ட் முறுகாது, ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டாம். அட்ஜஸ்டரில் கைகளே மேலே திரும்புகின்றன. 50 மி.மீ. தாண்டினால் பால் ஜாயிண்ட் எல்லைக்குப் போய்விடும், குட்டை ஷாக்கும் தேவைப்படும். அப்படியும் வேண்டுமென்றால் ஆயத்தமாகச் செய்த பீமையே (இரு குழாய்களும் சேர்ந்த முன்னச்சு) வாங்குங்கள். ஸ்டியரிங்கைத் தாங்கும் குழாயில் வெல்டிங் பழகக்கூடாது.

கழற்றும்போது இடப்பக்கச் சக்கரத்தில் கவனம் வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்த ஹப் மூடி வழியாகத்தான் வருகிறது. முதலில் அதன் கிளிப்பை எடுங்கள். அந்தப் பக்க நட்டு இடதுமரையாக இருக்கும், மரையைப் பார்த்த பிறகு திருப்புங்கள். மேல் பால் ஜாயிண்ட்டின் எக்சென்ட்ரிக் புஷ் எந்தத் திசையில் இருந்தது என்று குறித்துவைத்தால் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) ஏறக்குறைய பழைய இடத்துக்கே வரும். ஜாயிண்டை விடுவிக்கக் கவைக்கம்பி வேண்டாம், ரப்பரைக் கிழிக்கும். நட்டை இரண்டு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, ஸ்பிண்டில் காதின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு அடி போட்டால் விட்டுவிடும்.

மாட்டியதும் ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாக வெட்டி, டயர், ரிம், டை ராடு ஒன்றையொன்று தொடுகிறதா பாருங்கள். சில டிராப் ஸ்பிண்டில்கள் சக்கரத்தை வெளியே தள்ளும். வாங்கும் முன் விற்பவரிடம் அந்த அளவைக் கேளுங்கள்.

பின்பக்கம்: மாட்டிக்கொள்ளும் இடம்

இங்கே அவசரம் வேண்டாம். பின்னால் பக்கத்துக்கு ஒரு டார்ஷன் பார். அதன் உள்முனையிலும் வெளிமுனையிலும் பற்கள் உண்டு, ஆனால் எண்ணிக்கை வேறு வேறு. வெளிமுனையில் ஸ்ப்ரிங் பிளேட் உட்கார்கிறது. பிளேட்டைப் பல் மாற்றி மேல்நோக்கி உட்கார வைத்தால் வேன் தாழும்.

முதலில் கணக்கு. டார்ஷன் பாரின் மையத்திலிருந்து சக்கர மையம் வரை படுக்கைவாட்டில் அளந்துகொள்ளுங்கள். அது 400 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்குச் சுமார் 7 மி.மீ. தாழும். இனி உங்கள் பாரின் பற்களை எண்ணுங்கள். உள்ளே 40, வெளியே 44 என்று வைத்துக்கொண்டால், உள்பல் ஒன்று 9 டிகிரி, வெளிப்பல் ஒன்று 8.18 டிகிரி. வெளியே ஒரு பல் மட்டும் மாற்றினால் 57 மி.மீ. தாழும். வெளியே இரண்டு பல் மேலே ஏற்றி, உள்ளே ஒரு பல் கீழே இறக்கினால் 7.36 டிகிரி, அதாவது 51 மி.மீ. இரு முனையையும் எதிரெதிராகத் திருப்பித்தான் நுணுக்கமாக உயரம் வைக்க முடியும். இது புரியாமல் வெளிப்பல்லை மட்டும் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் "ஒன்று ரொம்ப உயரம், இல்லை ரொம்பத் தாழ்வு" என்று சலித்துப் போகிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றி, பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்டை எடுங்கள். ஸ்ப்ரிங் பிளேட்டும் பின்கையும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு வெட்டுங்கள். அங்கே துளைகள் நீளமாக இருக்கும், பின்சக்கரத்தின் டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) அந்த இடத்தில்தான் அமைகிறது. பெயின்ட் கோடு துடைத்தால் போய்விடும், உளிக்கோடு போகாது. இணைப்பு போல்ட்களைக் கழற்றிப் பின்கையைத் தாங்கி வையுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள்.

இப்போது பிளேட் அதன் கீழ்த்தடுப்பின் மேல் முழு இறுக்கத்தோடு உட்கார்ந்திருக்கும். கை முறியும் இடம் இதுதான். பிளேட்டின் முனைக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஜாக்கியையும் சேஸிஸையும் தடித்த சங்கிலியால் கட்டுங்கள். சாமான் கட்டும் பட்டைகளை நம்ப வேண்டாம். தூக்கும்போது வேனே ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்க்கும், பின்தளத்தில் நூறு கிலோ மணல்மூட்டை ஏற்றிவையுங்கள். டார்ஷன் பாரின் வெளிமுனை மேலுள்ள மூடியின் நான்கு போல்டை எடுத்து, பிளேட்டைச் சற்றே தூக்கி, தடுப்பிலிருந்து வெளியே நெம்பி, ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். அதன் பாதையில் தலையோ காலோ இருக்கக்கூடாது.

பிளேட் தளர்ந்து தொங்கியதும் டிஜிட்டல் கோணமானியைச் சேஸிஸ் ரெயிலில் வைத்து ஜீரோ செய்யுங்கள். பிறகு பிளேட்டின் மேல் வையுங்கள். பிளேட்டைக் கையால் லேசாகத் தூக்கி, பல்லின் ஆட்டத்தை எடுத்துவிட்டு அளவைப் படியுங்கள். இதை விட்டால் ஒரு டிகிரி பிசகும், ஒரு டிகிரி என்றால் 7 மி.மீ. இரண்டு பக்கமும் இப்படி அளந்து எழுதிய பிறகே பல்லைத் தொடுங்கள். பாரின் முனை, பிளேட் இரண்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். பிளேட்டை இழுக்கும்போது பார் சேர்ந்து வந்துவிட்டால் உள்பல்லின் இடம் தொலையும். கோணத்தை எழுதி வைத்திருந்தால் அதுவும் பிரச்சினை இல்லை.

இடது பாரை வலப்பக்கம் போடாதீர்கள், முனையில் எழுத்துக் குறி உண்டு. பாரின் மேல்பூச்சில் கீறல் விழுந்தால் அங்கே துரு பிடித்து, பிற்பாடு அதே இடத்தில் முறியும். பல்லுக்குக் கிரீஸ், ரப்பர் புஷ்ஷுக்கு டால்கம் பவுடர். ரப்பரில் கிரீஸ் போட்டால் ஊறிக் கெடும். புது புஷ் தடிமனாக இருந்து மூடியின் போல்ட் எட்டாது. நீளமான போல்ட் இரண்டை எதிரெதிர் மூலையில் போட்டு மூடியை இழுத்து, மற்ற இரண்டையும் மாட்டிய பிறகு அவற்றை மாற்றுங்கள். தாழ்த்திய கோணத்தில் முன்னிறுக்கம் குறைவு, அதனால் மாட்டுவது கழற்றியதைவிடச் சுலபம். இரு பக்கக் கோணமும் எதிர்பார்த்த அளவிலிருந்து அரை டிகிரிக்குள் வரட்டும். ஷாக் இப்போது குட்டையானதாக வேண்டும்.

டயரும் அலைன்மென்ட்டும்

அழகுக்காகக் காரின் டயரைப் போடுவது இந்த வேலையில் நான் பார்க்கும் மோசமான தவறு. வேனின் தகட்டில் எழுதியுள்ள பின் அச்சு எடையைப் பாதியாக்குங்கள். டயரின் சுமை எண்ணான லோடு இன்டெக்ஸ் 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 95 என்றால் 690, 98 என்றால் 750, 102 என்றால் 850. பாதி எடைக்கு மேலே இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கக்கூடாது. மூக்கு கீழே போனால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், நெடுஞ்சாலையில் வேன் அலையும். நூல் கட்டி முன்டோவை 1–2 மி.மீ. உள்நோக்கி வைத்து, அலைன்மென்ட் கடை வரை மெதுவாக ஓட்டிப் போங்கள். அங்கே பின்டோவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காகித வேலை: ஜெர்மனியில் மாற்றத்தை வாகனச் சோதனை அமைப்பான டியூவி ஒப்புக்கொண்டு ஆவணத்தில் ஏற்ற வேண்டும். பிரிட்டனில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். 40 வருடம் தாண்டிய வண்டிக்கு அங்கே எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் சஸ்பென்ஷன் வகையையே மாற்றினால் அந்த விலக்கு போகலாம். காற்றுப்பை சஸ்பென்ஷனைவிட டார்ஷன் பாரையே வைத்துத் தாழ்த்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்சேர்ப்பு 1: "ஒரு பக்கம் 15 மி.மீ. தாழ்வு" என்று பலருக்கு வருகிறது. உடனே பிரிக்காதீர்கள். புது ரப்பர் உட்கார வேண்டும். 80 கி.மீ. ஓட்டி, சமதரையில் நிறுத்தி, வேனை இரண்டு தடவை அமுக்கிவிட்டு அளங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால், அதிகம் தாழ்ந்த பக்கத்துக்கு மட்டும் ஒரு உள்பல், ஒரு வெளிப்பல் எதிரெதிராக. மேலே சொன்ன 40, 44 கணக்கில் அது 0.82 டிகிரி, 6 மி.மீ.

பின்சேர்ப்பு 2: தாழ்த்திய பிறகு பின்னாலிருந்து 'டக் டக்' சத்தம் வந்தால் முதலில் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் முனையிலுள்ள சிவி ஜாயிண்ட் போல்ட்களைப் பாருங்கள். கிரீஸ் படிந்த மரையில் அவை தளரும். பிரேக் கிளீனரால் கழுவி, 35 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 500 கி.மீ. கழித்து மறுபடி ஒரு தடவை டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். சரியான பல்நட்சத்திர பிட் இல்லாமல் சாதாரண ஆலன் கீயைத் திணித்தால் தலை உருண்டுவிடும், பிறகு கிரைண்டர்தான்.