பருந்தா, வல்லூறா? கோழிக்குஞ்சுகளைக் காப்பாற்றும் வழி

குஞ்சு காணாமல் போனால் எல்லோரும் பருந்தின் மேல்தான் பழி போடுவோம். புதிதாக நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் உடனே கடைக்குப் போய் வலையும் வாங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். தூக்குவது எது என்று தெரியாமல் செய்யும் செலவு பாதி வீண்தான்.

1. திருடனை அடையாளம் பாருங்கள்

கரும்பருந்து பழுப்பு நிறம், வால் நுனி பிளந்திருக்கும். இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 5 அடி இருக்கும். வானத்தில் வட்டமடித்து, திறந்த வெளியில் சரிந்து இறங்கி, காலால் கவ்விக்கொண்டு நிற்காமல் மேலே போய்விடும். செம்பருந்துக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை.

வல்லூறு புறா அளவுதான். முதுகு சாம்பல், கண் சிவப்பு. இலை மறைவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, தாழப் பறந்து வந்து அடிக்கும். பருந்துக்காகத் தலைக்கு மேல் கட்டிய கயிறு இதைத் தடுக்காது. காகத்தையும் மறந்துவிடாதீர்கள். பிறந்து சில நாளான குஞ்சுக்கு அதுவும் எமன்.

2. முதல் மூன்று வாரம் பஞ்சாரம்

பஞ்சாரம் என்பது கோழியைக் கவிழ்த்து மூடும் பின்னல் கூடை. தாயையும் குஞ்சுகளையும் சேர்த்தே அதனால் கவிழ்த்து மூடுங்கள். பின்னல் இடைவெளியில் குஞ்சு நுழைந்து வெளியே வந்துவிடும், அதனால் அடிப்பகுதியைச் சுற்றிப் பழைய கொசுவலையைக் கட்டுங்கள். மேலே ஒரு கல் வையுங்கள். நிழலில் வைத்து, தட்டையான தட்டில் தண்ணீர் வையுங்கள். தினமும் இடம் மாற்றினால் ஈரமும் எச்சமும் சேராது.

3. ஒளிய இடம் கொடுங்கள்

என்னைக் கேட்டால் வலையைவிட முக்கியம் இதுதான். வெட்டவெளியாகப் பெருக்கி வைத்த கொல்லை பார்க்க அழகு, குஞ்சுக்கு ஆபத்து. தாய்க்கோழி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த நொடி மெல்லிய நீண்ட குரல் வரும், குஞ்சுகள் கலைந்து ஓடும். நாலு எட்டில் புகுந்துகொள்ள ஏதாவது இருந்தால் பிழைத்துவிடும்.

மரம் மட்டும் போதாது, வல்லூறு உட்காருவதே அதில்தான். தரையோடு அடர்ந்த மறைவு வேண்டும். கிளுவை வேலி, தாழ்வாகப் போட்ட பீர்க்கம்பந்தல், சுவரில் சாய்த்த தென்னங்கீற்று எதுவானாலும் சரி. 10 அடிக்கு ஒன்று இருக்கட்டும்.

கூட்டத்தில் ஒரு சேவலும் இருக்கட்டும். வானத்து ஆபத்துக்கு ஒரு குரல், நாய், கீரி போன்ற தரை ஆபத்துக்கு வேறு குரல் என்று பிரித்தே எச்சரிக்கும்.

4. மேலே கயிறா, வலையா?

பருந்து மட்டும்தான் தொல்லை என்றால், தலைக்கு மேல் உயரத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் நைலான் கயிறுகளை இழுத்துக் கட்டினாலே பெரும்பாலும் போதும். அகன்ற இறக்கையோடு அதற்குள் இறங்கத் தயங்கும். வல்லூறும் காகமும் வந்தால் ஓர் அங்குலக் கண்ணுள்ள வலை வேண்டும், பக்கவாட்டிலும் சேர்த்து. வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் மற்ற பறவைகள் சிக்கிச் சாகும்.

பழைய சிடி, மினுக்குத் தாள் எல்லாம் சில நாளுக்குத்தான் பலிக்கும். அடிக்கடி இடம் மாற்றாவிட்டால் பறவை பழகிவிடும்.

5. நீங்களே அழைக்காதீர்கள்

மீன் செதில், கோழிக்குடல் போன்றவற்றைக் கொல்லையில் வீசாதீர்கள், குழிதோண்டிப் புதையுங்கள். பருந்தும் காகமும் முதலில் அதற்குத்தான் வரும், பிறகு குஞ்சைப் பார்க்கும். பக்கத்தில் கரிச்சான் (இரட்டைவால் குருவி) கூடு கட்டியிருந்தால் கலைக்காதீர்கள். கூடு காக்கும் நாட்களில் தன்னைவிடப் பெரிய பருந்தையும் காகத்தையும் துரத்தித் துரத்திக் கொத்தும்.

விஷம் வைப்பது, கண்ணி வைப்பது வேண்டவே வேண்டாம். பருந்தும் வல்லூறும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வயலில் எலி பிடிப்பதும் இவைதான்.

இரண்டு மாதம் தாண்டி உடம்பு தேறிய கோழியைப் பருந்து தூக்குவது அரிது, அதன்பின் பகலில் தாராளமாக மேயவிடலாம். பொழுது சாயும் முன் மட்டும் கூட்டில் அடைத்துவிடுங்கள். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, ஆந்தைக்கும் மரநாய்க்கும் நன்றாகத் தெரியும்.