பழைய கெரிஸ் கத்தி எந்த ஊருடையது? புதியவர்களுக்கான செய்முறை

கெரிஸ் என்பது தென்கிழக்கு ஆசியாவின் இருபக்கக் கூர்க் கத்தி. ஜாவா, பாலி, சுமத்ரா, சுலவேசி, மலாய் தீபகற்பம், தென் பிலிப்பைன்ஸ் என்று பல இடங்களில் கெரிஸ் அடித்தார்கள். அது துறைமுகம் துறைமுகமாகக் கைமாறவும் செய்தது. ஜாவாவில் அடித்த அலகுக்கு பூகிஸ் (சுலவேசி மக்கள்) பிடியும் மலாய் உறையும் இருப்பது சர்வ சாதாரணம். அதனால் கத்திக்கு மொத்தமாக ஒரு ஊர் சொல்ல அவசரப்படாதீர்கள். அலகு, பிடி, உறை மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றும் முரண்பட்டால் அலகு சொல்வதையே நம்புங்கள்.

டேப், டார்ச், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மெல்லிய ரப்பர் கையுறை ஆகியவை போதும். கையுறையைத் தவிர்க்க வேண்டாம். அலகைக் கறுப்பாக்க, நஞ்சான ஆர்செனிக்கையும் எலுமிச்சைச் சாறையும் சேர்த்துப் பூசும் வழக்கம் உண்டு.

படி 1: கெரிஸ்தானா?

அலகின் இரு பக்கமும் கூர் இருக்க வேண்டும். அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் அகன்று நீண்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே கூர் என்றால் பாடிக் போன்ற வேறு கத்தி. அதிலும் பிடி ஏறக்குறைய செங்கோணமாக மடங்கியிருந்தால் வட சுமத்ராவில் உள்ள ஆச்சேவின் ரென்சோங்.

படி 2: அலகின் அடி

அலகுக்குக் கீழே குறுக்காக ஒரு தனி இரும்புத் துண்டு இருக்கும். ஜாவாவில் அதை கோஞ்சோ என்பார்கள். இரண்டும் சேரும் கோட்டை டார்ச் அடித்து, இரு முகத்திலும் இரு ஓரத்திலும் தொடர்கிறதா என்று பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் கீறல் போலத் தெரிந்தால், சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்ததாக இருக்கலாம். ஆனால் கோஞ்சோ அலகோடு ஒன்றாகவே அடிக்கப்பட்ட அசல் கெரிஸும் உண்டு. இதை மட்டும் வைத்துப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

பிடிக்குள் போகும் காம்பு ஜாவா, பாலி, மலாய் கெரிஸ்களில் உருண்டையாக இருக்கும். ஜாவாவில் அதில் துணியோ முடியோ சுற்றி, பிடியை அழுத்தி மாட்டியிருப்பார்கள். இடமும் வலமும் லேசாகத் திருகினால் கழன்று வரும். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். துருவேறிய காம்பு உள்ளேயே முறியும், இல்லையேல் பிடி விரிசல் விடும். தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களான மோரோ மக்களின் கெரிஸில் காம்பு சதுரமாக இருக்கும், பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அலகைப் பிடியோடு பிணைக்கும் உலோகப் பட்டை ஒன்றோ இரண்டோ வெளியே தெரியும். இந்தப் பட்டையைக் கண்டால் வேறு சான்று அதிகம் தேவையில்லை. பிடியைக் கழற்றவும் முயல வேண்டாம்.

படி 3: நீளமும் மேற்பரப்பும்

கோஞ்சோவிலிருந்து முனை வரை அளந்து பாருங்கள். ஜாவா அலகு பெரும்பாலும் 33 முதல் 38 செ.மீ. வரை இருக்கும், தடவினால் வரிகள் சொரசொரப்பாகப் படும். பாலி அலகு நீளமும் கனமும் கூடியது, மெருகேற்றி வழவழப்பாக்கியிருக்கும். குறுகலாக, நேராக, நீண்ட ஈட்டி அலகு போல இருந்தால் சுமத்ராவின் கெரிஸ் பாஞ்சாங்கைச் சந்தேகியுங்கள். மோரோ அலகு அகலமானது, பல சமயம் வாள் அளவுக்கே போகும்.

அலகு நெளிந்திருந்தால், அதன் வளைவுகளின் எண்ணிக்கை ஊரைச் சொல்லாது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஜாவா மரபில் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் வரும். இரட்டைப்படை வந்தால் முனையருகே உள்ள கடைசி வளைவை விட்டிருப்பீர்கள், மறுபடி எண்ணுங்கள்.

அடுத்து லென்ஸ். பமோர் என்பது அலகில் தெரியும் உலோக வரிக்கோலம். அசல் பமோர் வரிகள் இரும்பு அடுக்குகளோடு ஓடும். விளிம்பில், நடுவே வைத்து அடித்த எஃகு மெல்லிய தனி வரியாக எட்டிப் பார்க்கும். அமிலத்தால் வரைந்த போலியில் இந்த எஃகு வரி இருக்காது. 'விண்கல் இரும்பு' என்று விற்பவர் சொன்னால் விலைதான் ஏறும். ஜாவாவின் பிரம்பானனில் கிடைத்த விண்கல் துண்டுகள் அங்குள்ள சுரகார்த்தா அரண்மனைக்குப் போனது உண்மைதான், ஆனால் பிற்காலப் பமோர் பலவற்றில் இருப்பது இறக்குமதி நிக்கல்.

படி 4: பிடி

மெலிந்து, லேசாக வளைந்து, உட்பக்கம் மட்டும் இரண்டு சிறு செதுக்கல் இருந்தால் மத்திய ஜாவா. அரக்கனோ தெய்வமோ உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் பாலி. நெருக்கமான பூ வேலைப்பாடு ஜாவாவுக்கு அருகே உள்ள மதுரா தீவைக் காட்டும். குளிரில் நடுங்கி உடம்பைக் கட்டிக்கொண்டவர் போலத் தெரிந்தால் மலாயரின் ஜாவா டெமாம். மிக நீண்ட மூக்குடைய முகம் மலாய் தீபகற்பத்தின் பட்டாணி, கிளந்தான் பகுதிக்கு உரியது. துப்பாக்கிப் பிடி போல மடங்கியது பூகிஸ். காக்கட்டூ கிளியின் கொண்டை போல விரிந்தது மோரோ.

படி 5: உறை

அலகை மெதுவாக உறையில் விடுங்கள். ஆடினாலோ, பாதியில் தடைபட்டாலோ, அகன்ற பக்கம் வெளியே துருத்தினாலோ அது வேறொரு கத்தியின் உறை. அப்போது உறையின் ஊரை அலகின் மேல் ஏற்றாதீர்கள். ஜாவா உறைகளில், அலகை மூடும் நீண்ட தண்டின் மேல் பித்தளையோ வெள்ளியோ கவசமாக ஏறியிருப்பது வழக்கம். மரத் தண்டு வெளியே தெரிவதாலேயே ஜாவா இல்லை என்று முடிவுகட்ட முடியாது, கவசம் விலைக்குப் போயிருக்கலாம்.

முடிவை ஒரு சீட்டில் இப்படி எழுதிவையுங்கள்: 'அலகு ஜாவா, 36 செ.மீ.; பிடி பூகிஸ் பாணி; உறை மலாய், அலகுக்குப் பொருந்தவில்லை.' கூடவே கோஞ்சோ கோட்டின் இரு முகப் படங்களையும், பிடி கழன்றிருந்தால் காம்பின் படத்தையும் வையுங்கள். விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான்.