டோர் சர்வர் நடத்துபவர்களுக்கு நன்றி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கை முழுவதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. தடையைத் தாண்ட உதவும் விபிஎன், டோர் என்ற பேச்சு அப்போது யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள்ளும் வந்தது. டோர் என்பது நாம் யாரென்று காட்டாமல் இணையத்தைப் பார்க்க உதவும் ஒரு வலையமைப்பு. அதில் நாம் அனுப்பும் தரவு வழக்கமாக மூன்று சர்வர்களைக் கடந்துதான் ஒரு இணையத்தளத்தை அடையும். அந்தச் சர்வர்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், பலர் சொந்தக் காசைப் போடுபவர்கள். அவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் நினைப்பது நல்ல மனம்தான். ஆனால் பிழையாகச் செய்தால் வலையமைப்புக்கே கேடு வரும்.

முதலாவது, "ஒரு ஜிபிக்கு இவ்வளவு" என்று காசு பேசுவது. நல்லூர்த் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் போடுபவர்களுக்கு ஒரு குவளை மோருக்கு இவ்வளவு என்று கூலி வைத்துப் பாருங்கள். மோரில் தண்ணீர் கூடும், கூலி நின்ற அன்று பந்தலும் எழும்பிவிடும். இங்கும் அப்படித்தான். அளவுக்குக் காசு என்றால் எல்லோரும் மலிவான தரவு மையத்தைத் தேடி ஒரே இடத்தில் குவிவார்கள். ஏற்கெனவே ஜெர்மனியில் நிறையச் சர்வர்கள் இருக்கின்றன. டோரின் பலமோ அவை பல நாடுகளில், பல கைகளில் இருப்பதுதான். 2020இல் ஒரே கூட்டம், தரவு கடைசியாக வெளியேறும் சர்வர்களின் கொள்ளளவில் 20%க்கு மேல் பிடித்து, பிட்காயின் திருடப் பார்த்தது. காசு வைத்தால் அப்படிப்பட்டவர்களுக்கும் நாமே சம்பளம் கொடுத்தவர்களாவோம். அதோடு, யார் எவ்வளவு தரவு கடத்தினார்கள் என்று நிரூபிக்கக் கணக்கு வேண்டும். அந்தரங்கம் காக்கும் வலையமைப்பில் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு கணக்கும் ஆபத்து.

சரி, காசு வேண்டாம், சர்வர் நடத்துபவருக்கு வேகமான பாதை கொடுக்கலாமே? ஆய்வாளர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். ஆனால் வேகமாகப் போகும் தரவைப் பார்த்தவுடன், அனுப்பியவர் சர்வர் நடத்தும் சில ஆயிரம் பேரில் ஒருவர் என்று தெரிந்துவிடும். டோரில் கூட்டத்தோடு கலந்து நிற்பதே பாதுகாப்பு.

ஒரு மாதப் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதும் வீண். புதிய சர்வர் ஒன்று வலையமைப்பில் முழுமையாகப் பயன்பட ஏறத்தாழ 68 நாள் எடுக்கும். டோரை நடத்தும் அமைப்பான டோர் திட்டம், சர்வர் நடத்துபவர்களுக்கு நன்றியாக டீசேர்ட் கொடுக்க, சர்வர் இரண்டு மாதம் ஓடியிருக்க வேண்டும் என்று கேட்டதும் காரணத்தோடுதான்.

அப்புறம் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று: மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, படத்தை ஃபேஸ்புக்கில் போடுவது. கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். குறிப்பாக 'பிரிட்ஜ்' என்ற மறைவான நுழைவுச் சர்வர் நடத்துபவர்களிடம். தடை உள்ள நாடுகளில் இருப்பவர்கள் டோருக்குள் நுழையவென்றே அதன் முகவரியைப் பொதுப் பட்டியலில் போடாமல் வைக்கிறார்கள். ஆளைத் தெரிந்தால் முகவரியைத் தேடிப் பிடிப்பது எளிது, பிறகு அந்த வழியும் அடைபடும்.

என்னைக் கேட்டால், அவர்களுக்கு மிகவும் தேவை துணைதான். வெளியேறும் சர்வர் நடத்துபவருக்கு, வேறு யாரோ செய்த குழப்பத்துக்காக முறைப்பாடுகள் வந்துகொண்டே இருக்கும். பதில் எழுத ஒரு கை, தேவைப்பட்டால் ஒரு சட்டத்தரணி, சர்வர் வாடகையில் ஒரு பங்கு, இவ்வளவும் போதும். அனுப்புவதற்கு முன் எது வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.