பிரெஞ்சுக் கதைகளின் இறந்தகாலம்: பாஸே சேம்ப்ள் படிக்க ஒரு குறுக்குவழி

பிரெஞ்சு கற்கத் தொடங்கி ஓராண்டு ஓடியிருக்கும். ரொட்டி வாங்கவும் வழி கேட்கவும் தைரியம் வந்தாயிற்று. சரி, ஒரு சிறுவர் கதையாவது படிப்போமே என்று புத்தகத்தைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே 'ஃபுய்', 'வேன்', 'ஃபி' என்று வகுப்பில் கேட்டே இராத பொடிப்பொடிச் சொற்கள். இவைதான் பாஸே சேம்ப்ள், அதாவது எழுத்துக்கென்றே ஒதுங்கிவிட்ட இறந்தகாலம்.

பேச்சில் இதை யாரும் பயன்படுத்துவதில்லை. அங்கே பாஸே கோம்போசே, அதாவது துணைவினையும் எச்சமும் சேர்ந்து வரும் இறந்தகாலம், போதும். டீக்கடையில் நின்றுகொண்டு "யான் நேற்றுச் சென்னை சென்றேன்" என்று ஒருவர் சொன்னால் எப்படித் திரும்பிப் பார்ப்போமோ, அப்படித்தான் அவர்களும் பார்ப்பார்கள். எனக்கு இது நடந்தது. ஒரு ரொட்டிக் கடையில் "நேற்றும் வந்தேன்" என்று சொல்வதற்கு, புதிதாகப் படித்த பெருமையில், "ழ வேன்" என்றேன். 'வேன்' என்ற ஒலிக்கு ஒயின் என்றும் பொருள். ரொட்டி கேட்க வந்த பிள்ளை காலங்காத்தாலே ஒயின் பற்றி ஏதோ சொல்கிறதே என்று கடைக்கார அம்மா குழம்பிப்போனார்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது வாயால் பேசுவதற்கு இல்லை, கண்ணால் அடையாளம் காண்பதற்கு. இப்படி எடுத்துக்கொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

இன்னொன்று. பிரெஞ்சுச் சொற்களின் ஒலியை மட்டும்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டலுக்கு வினைத்திரிபு அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். ஏ, ஈ, ஐ, ஆர் என்று எழுத்துகளைச் சொல்லும்போது ஆங்கிலப் பெயர்களையே (A, E, I, R) சொல்கிறேன். உதட்டைக் குவித்து 'இ' சொன்னால் வரும் ஒலியை 'உய்' என்று எழுதுகிறேன். புதுச்சேரியில் துய்மா வீதி என்று எழுதுகிறார்களே, அந்த 'உய்'.

முதல் படி: ஆறில் நான்கை ஒதுக்கி வையுங்கள்

அட்டவணையில் நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு வரிசை இருக்கும். கதையிலும் வரலாற்றிலும் பெரும்பாலும் வருவது 'அவன்/அவள்' வரிசையும் 'அவர்கள்' வரிசையும்தான். இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் உயிரெழுத்தின் தலையில் ஒரு தொப்பி உட்கார்ந்திருக்கும். பார்த்தால் தெரிந்துவிடும், மனப்பாடம் வேண்டாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நிகழ்காலத்தில் 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டுமே காதுக்கு 'இல் பார்ல்'தான். பாஸே சேம்ப்ளில் அந்தக் குழப்பம் இல்லை. பன்மை என்றால் கடைசியில் ஒரு 'ர்' கட்டாயம் கேட்கும்.

இரண்டாம் படி: 'ஆ' குடும்பம்

அகராதி வடிவம் ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளில் முடிகிறதா? அவற்றை வெட்டிவிட்டு ஒருமைக்கு 'ஆ', பன்மைக்கு 'ஏர்' சேருங்கள். பார்லே என்பது பேசுதல். பார்லா, பேசினான். பார்லேர், பேசினார்கள். ஆந்த்ரே என்பது நுழைதல். ஆந்த்ரா, ஆந்த்ரேர். இந்தக் குடும்பத்தில் விதிவிலக்கே கிடையாது. மற்றக் காலங்களில் படாதபாடு படுத்தும் 'ஆலே' (போதல்) கூட இங்கே சமர்த்தாக 'ஆலா' என்று வந்து நிற்கும்.

எழுதும்போது மட்டும் ஒரு சின்ன வேலை. மான்ழே (சாப்பிடுதல்) என்ற வினையில் உள்ள ஜி எழுத்து, ஏ எழுத்துக்கு முன்னால் வந்தால் கரகரப்பாக மாறிவிடும். அதைத் தடுக்க நடுவில் ஓர் ஈ எழுத்தைச் செருகி 'மான்ழா' என்று வாசிக்க வைக்கிறார்கள். கொமான்சே (தொடங்குதல்) என்றால் சி எழுத்துக்கு அடியில் ஒரு வால். பன்மை விகுதி ஈ எழுத்தில்தான் தொடங்குகிறது என்பதால் அங்கே செருகலும் வேண்டாம், வாலும் வேண்டாம்.

பன்மையில் என்னை வெகுநாள் ஏமாற்றியது ஆந்த்ரே. 'நுழைகிறார்கள்' என்பதும் 'நுழைந்தார்கள்' என்பதும் கண்ணுக்கு ஒரே மாதிரி ஆர்-ஈ-என்-டி என்று முடியும். வேகமாகப் படித்தால் தவறவிடுவீர்கள். அந்த வாலுக்கு முன்னால் இடப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட இன்னோர் ஈ நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இறந்தகாலம்.

மூன்றாம் படி: 'இ' குடும்பம்

ஐ-ஆர், ஆர்-ஈ என்று முடியும் வினைகளில் பெரும்பாலானவை இங்கே வரும். ஒருமைக்கு 'இ', பன்மைக்கு 'ஈர்'. ஃபினீர் (முடித்தல்) ஒருமையில் 'ஃபினி', வான்த்ர் (விற்றல்) ஒருமையில் 'வான்தி'. ஒருமையின் கடைசியில் ஒரு டி எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். 'ஃபினி' நிகழ்காலத்திலும் எழுத்து மாறாமல் இதேதான். எந்தக் காலம் என்று பக்கத்து வாக்கியங்கள்தான் சொல்ல வேண்டும். பன்மையில் இன்னொரு வேடிக்கை: 'முடித்தார்கள்' என்பதும் அகராதி வடிவமும் காதுக்கு ஒன்றே.

இந்தக் குடும்பத்தின் ஆபத்தான உறுப்பினர்கள் குட்டிச் சொற்கள்தான். ஃபேர் (செய்தல்) 'ஃபி' ஆகும். மெத்ர் (வைத்தல்) 'மி', ப்ரான்த்ர் (எடுத்தல்) 'ப்ரி', வுவார் (பார்த்தல்) 'வி'. கடைசிச் சொல்லில் கவனம் தேவை: 'இல் வி' என்றால் 'அவன் பார்த்தான்' என்றும் இருக்கலாம், 'அவன் வாழ்கிறான்' என்றும் இருக்கலாம். நேத்ர் (பிறத்தல்) வேரே மாறி 'நாகி' ஆகிவிடும்.

நான்காம் படி: 'உய்' குடும்பம்

ஒருமைக்கு 'உய்', பன்மைக்கு 'உய்ர்'. அதிகம் தேவைப்படும் இரண்டு வினைகள் இங்கேதான் இருக்கின்றன. ஏத்ர் (இருத்தல்) 'ஃபுய்' ஆகும், அவுவார் (உடைமை கொள்ளுதல்) வெறும் 'உய்' ஆகும். அப்புறம் லீர் (வாசித்தல்) 'லுய்', சவுவார் (அறிதல்) 'சுய்', வூலுவார் (விரும்புதல்) 'வூலுய்', மூரீர் (இறத்தல்) 'மூருய்'.

பாஸே கோம்போசேயில் வரும் எச்ச வடிவம் 'உய்' என்று முடிந்தால் இங்கேயும் 'உய்' வரும் என்று ஆசிரியர்கள் ஒரு குறிப்பு கொடுப்பார்கள். லுய், சுய், வூலுய் மூன்றுக்கும் அது சரி. ஆனால் முழுதாக நம்பிவிடாதீர்கள். 'விற்ற' என்பதன் எச்சம் வான்துய், பாஸே சேம்ப்ளோ வான்தி. 'பார்த்த' என்பதன் எச்சம் வுய், பாஸே சேம்ப்ளோ வி. தமிழில் படித்தான், வந்தான், போனான் என்பதில் எதற்கு எந்த இடைநிலை என்று யாரும் நமக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. கேட்டுக் கேட்டு ஏறியதுதான். இதுவும் படித்துப் படித்துத்தான் ஏறும்.

தேவதைக் கதைகளை முடிக்கும் வழக்கமான வரியை இப்போது பாருங்கள்: "இல் வேக்குய்ர் ஓரோ ஏ உய்ர் போகூ தான்ஃபான்." மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள், நிறையப் பிள்ளைகள் பெற்றார்கள். வேக்குய்ர், உய்ர் இரண்டுமே இந்தக் குடும்பத்தின் பன்மை. 'வேக்குய்' என்பது வீவ்ர் (வாழ்தல்) என்ற வினை. மேலே பார்த்த 'வி' குழப்பம் இதற்கு இல்லை.

ஐந்தாம் படி: தனியாக நிற்கும் இருவர்

வனீர் (வருதல்), தனீர் (பிடித்தல்) இரண்டும் எந்தக் குடும்பத்திலும் சேராதவை. 'வேன்', 'தேன்'. பன்மை 'வேன்ர்', 'தேன்ர்'. அவன் பிடித்தான் என்பதற்குத் 'தேன்' என்று வருவதால் நமக்கு மறக்காது. இவற்றோடு முன்னொட்டுச் சேர்ந்த வினைகளும் இப்படியே: தவனீர் (ஆகுதல்) 'தவேன்' ஆகும்.

எப்போது எது?

பின்னணிக்கு ஏம்பார்ஃபே (நம் 'கொண்டிருந்தது' போன்ற, முடிவு சொல்லாத இறந்தகாலம்), நிகழ்ச்சிக்குப் பாஸே சேம்ப்ள். "இல் ப்ளவே. கெல்கேன் ஃப்ராப்பா." மழை பெய்துகொண்டிருந்தது, யாரோ கதவைத் தட்டினார். மழைக்குத் தொடக்கமும் முடிவும் சொல்லவில்லை. தட்டுதல் நடந்து முடிந்தது, கதை ஓரடி நகர்ந்தது.

'நான்' என்று கதை சொல்பவர்களிடம் மட்டும் ஒரு பொறி உண்டு. 'ஆ' குடும்பத்தில் 'நான் பேசினேன்' என்பதற்கும் 'நான் பேசிக்கொண்டிருந்தேன்' என்பதற்கும் எழுத்தில் வித்தியாசம் கடைசியில் உள்ள ஒரே ஓர் எஸ். எஸ் இருந்தால் ஏம்பார்ஃபே. பிரெஞ்சுக்காரர்களே எழுதும்போது இதில் தடுக்கி விழுவார்கள், ஆகவே வெட்கப்பட வேண்டாம்.

இப்போது நீங்களே படியுங்கள்

"நாப்போலேயோன் நாகி ஆ ஆழாக்சியோ ஆன் 1769. இல் தவேன் ஆம்ப்ரேர் ஆன் 1804. இல் ஆப்திக்கா ஆன் 1814. இல் பேர்தி லா பத்தாய் த வாத்தெர்லோ ஆன் 1815. இல் மூருய் ஆ சேன்த் எலேன் ஆன் 1821."

பிறந்தான், பேரரசன் ஆனான், பதவி துறந்தான், வாட்டர்லூ போரில் தோற்றான், செயின்ட் ஹெலினா தீவில் இறந்தான். ஐந்து வினைகளுக்கும் குடும்பம் கண்டுபிடியுங்கள். நாகியும் பேர்தியும் 'இ', ஆப்திக்கா 'ஆ', மூருய் 'உய்', தவேன் அந்தத் தனி ஆள். சரியாக வந்ததா? அப்படியானால் ஏதாவது ஒரு பிரெஞ்சு மன்னரின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்து, பென்சிலால் வினைகளின் அடியில் மட்டும் கோடு போட்டுக்கொண்டே போங்கள். பொருள் புரியாத பெயர்ச்சொற்களை முதல் முறை விட்டுவிடுங்கள்.