சிறைக்குள் இருப்பவரைப் பட்டப்படிப்பில் சேர்ப்பது எப்படி: வெளியே இருக்கும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பி மத்திய சிறையில் இருந்துகொண்டே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.காம். முடித்தான். படித்தது அவன்தான். ஆனால் அதற்கான காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நானும் அம்மாவும். அப்போது எங்களுக்கு வழி சொல்ல ஆளில்லை. மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வரிசையில் நிற்கும் குடும்பங்கள் இன்றும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தயக்கத்தைத் தீர்த்துவிடலாம். "ஜெயிலில் படிக்க விடுவார்களா?" விடுவார்கள். டெல்லி திகார் சிறையில் 1994-லேயே இக்னோ படிப்பு மையம் வந்துவிட்டது. தமிழ்நாட்டு மத்திய சிறைகளிலும் இக்னோ வழியாகவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகவும் படிக்கிறார்கள். வேலூர் சிறையில் இருந்த பேரறிவாளன் 2012-இல் பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1096 மதிப்பெண் எடுத்தார். இக்னோவில் பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடித்ததும் உள்ளே இருந்தபடிதான். தண்டனைக் கைதி மட்டுமல்ல, விசாரணைக் கைதியும் சேரலாம்.

படி 1: அவர் கையால் ஒரு மனு

"நான் இன்ன படிப்பில் சேர விரும்புகிறேன்" என்று சிறைக் கண்காணிப்பாளருக்கு அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் வெளியிலிருந்து எவ்வளவு கேட்டாலும் இது இல்லாமல் வேலை நகராது. அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது சிறையின் நல அலுவலரையோ ஆசிரியரையோ பார்த்து, அங்கே எந்தப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாமே அந்த ஒருவர் வழியாகத்தான் போகும்.

படி 2: எங்கே விட்டார், அங்கிருந்து தொடங்குங்கள்

பத்தாவதோடு நின்றவரை நேராகப் பட்டத்தில் சேர்க்கக் குறுக்குவழி தேடாதீர்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படிக்காதவரின் திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை வந்துவிட்டது. தனித்தேர்வராகப் பத்தாவது, பிளஸ் டூ எழுதலாம். புழல், திருச்சி, பாளையங்கோட்டை, கோவை சிறைகளில் பொதுத்தேர்வு மையமே நடந்திருக்கிறது. இரண்டு வருடம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

படி 3: காகிதங்கள்

நாங்கள் ஒரு வருடத்தை இழந்தது இங்கேதான். தம்பியின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் வீட்டில் இருக்கிறது என்று அம்மா உறுதியாகச் சொன்னாள். கைதான அன்று வீட்டைப் புரட்டியதில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. நகல் கேட்டு விண்ணப்பித்து வாங்குவதற்குள் சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது.

ஆகவே இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், இவை வேண்டும். மூன்று செட் ஜெராக்ஸ் எடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். உள்ளே நகல் போதும். கேட்டால் மட்டும் அசலைக் காட்டுங்கள். பெயரில் இனிஷியல் முன்னே ஒன்றில், பின்னே ஒன்றில் என்று இருந்தால் அதையும் இப்போதே கவனியுங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால் விண்ணப்பம் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

படி 4: ஓ.டி.பி. எந்த போனுக்கு வரும்?

எங்கள் காலத்தில் இது கிடையாது. 2024-லிருந்து தொலைதூரக் கல்வியில் சேர யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) டெப் ஐ.டி. கட்டாயம்; அது தொலைதூரக் கல்வி மாணவருக்கான அடையாள எண். அதற்கு முன்னால் ஏ.பி.சி. ஐ.டி. வேண்டும்; அது மாணவரின் மதிப்பெண் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண். அதை அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் எடுக்க, ஆதாரோடு இணைந்த மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த சிம் பல வருடம் முன்பே செத்துப் போயிருக்கும், அல்லது போனே வழக்கில் போலீஸ் கையில் இருக்கும். ஆதாரில் எண்ணை மாற்ற அவர் நேரில் இருக்க வேண்டும். சிறையில் ஆதார் முகாம் நடக்குமா என்று நல அலுவலரிடம் கேளுங்கள்; நடந்தால் அப்போது வீட்டில் ஒருவரின் எண்ணை இணைத்துவிடுங்கள். பரோலில் வந்தால் வேறு எதற்கும் முன்னால் இந்த வேலையை முடியுங்கள்.

படி 5: விண்ணப்பம்

இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. படிவத்தில் சிறைவாசி என்று குறிக்க இடம் உண்டு. அதைக் குறித்து, சிறை நிர்வாகத்தின் சான்றையும் இணைத்தால் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மொழியை நினைத்துப் பாருங்கள். இக்னோ புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் நல்லது. என் தம்பி பிடிவாதமாக இக்னோ எடுத்து முதல் ஆறு மாதம் திணறினான். அதே பிளாக்கில் இருந்த வயதான ஒருவர்தான் கைகொடுத்தார். அந்தப் புத்தகங்கள் இப்போது எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு பக்க ஓரத்திலும் பென்சிலில் குட்டிக் குட்டியாகத் தமிழ் அர்த்தம். அது அந்தப் பெரியவரின் கையெழுத்து.

படி 6: அசைன்மென்ட்

இதை விட்டுத்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். பெரும்பாலான பாடங்களில் 30 சதவீதம் அசைன்மென்ட்டுக்கு, 70 தேர்வுக்கு. கையால்தான் எழுத வேண்டும். கேள்வித்தாளை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை. கோடு போடாத தாள், பேனா எல்லாம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக் கொடுங்கள். சமர்ப்பித்ததற்கு ரசீதோ கையெழுத்தோ கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள். தம்பி எழுதியதில் ஒன்று பதிவாகாமல் போனது. எங்களிடம் அத்தாட்சி இல்லை. அவன் முழுவதையும் மறுபடி எழுதினான்.

படி 7: தேர்வும் வாய்தாவும்

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். சேர்ந்துவிட்டால் தானாக ஹால் டிக்கெட் வராது. ஒவ்வொரு முறையும் தேர்வுப் படிவம் தனியாகப் போட வேண்டும். அட்டவணை வந்தவுடன் அதை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். தேர்வு நாளும் வாய்தாவும் ஒரே நாளில் விழுந்தால் நீதிமன்றத்தில் முன்கூட்டியே சொல்லித் தேதி கேட்கலாம்.

இளநிலைக்கு 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஒரு பாடம் போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். மூன்று வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை நேரம் உண்டு. இதை அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முதல் ரிசல்ட்டில் தம்பி இரண்டு பாடம் போய்விட்டு, மனு பார்க்கும் இடத்தில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலையே நிமிரவில்லை.

வேறு சிறைக்கு மாற்றினால், விடுதலையானால்

படிப்பு நின்றுவிடாது. பதிவு எண் அப்படியே இருக்கும், படிப்பு மையத்தை மட்டும் மாற்றக் கேட்டு மண்டல அலுவலகத்துக்கு எழுதினால் போதும். தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் இக்னோ மண்டல மையங்கள் இருக்கின்றன. பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது உள்ளே இருக்கும் புத்தகமும் தாளும் அவரோடு போகும் என்று நம்பாதீர்கள். தம்பி கடைசி இரண்டு பேப்பரை வெளியே வந்துதான் எழுதினான், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க் கல்லூரியில். காலையில் அம்மா டிபன் கட்டிக் கொடுத்தாள். நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.