சுற்றுச்சூழலுக்காக என்று நாம் வாங்குபவை: சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நடக்கும் தவறுகள்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் தொங்கிய துணிப்பைகளை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. பிளாஸ்டிக் பையைத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்ததால், பை எடுத்துப் போக மறந்த நாளிலெல்லாம் புதிதாக ஒரு துணிப்பை வாங்கி வந்திருக்கிறேன்.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு பருத்திப் பையைத் தயாரிக்க ஆகும் கார்பன் செலவு (காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடின் அளவு), பிளாஸ்டிக் பையின் செலவுக்குச் சமமாக வேண்டுமானால் அதைக் குறைந்தது 52 தடவை கடைக்குக் கொண்டுபோக வேண்டும். இயற்கை விவசாயப் பருத்தி என்றால் 149 தடவை. கடலில் குப்பையாகச் சேர்வது இந்தக் கணக்கில் வராது, அந்த வகையில் துணிப்பை நல்லதுதான். ஆனாலும் என் பதினான்கு பைகளுக்கும் 728 தடவை ஆகிறது. வாரம் இரண்டு தடவை ஒரு பையோடு போனால் ஏழு வருடம்!

குழந்தை பிறந்ததும் இந்தப் பழக்கம் பூதாகரமாகிவிடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியையும் டப்பாவையும் ஒதுக்கிவிட்டு மரம், மூங்கில், பருத்தி என்று ஒரு செட் வாங்குகிறோம். பொருள் எதனால் ஆனது என்று பார்க்கிறோமே தவிர, எத்தனை நாள் உழைக்கப்போகிறது என்று பார்ப்பதில்லை.

டயப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் கணக்குப் போட்டபோது, இரண்டரை வருடத்துக்கு ஒரு குழந்தைக்குத் தூக்கி எறியும் டயப்பரால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடு, துணி டயப்பரால் சுமார் 570 கிலோ என்று வந்தது. படித்துவிட்டுப் பலருக்கு மனசு விட்டுப்போனது. ஆனால் விஷயம் அந்த இரண்டு எண்களில் இல்லை. மெஷின் நிறையும் அளவுக்குத் துணி போட்டு, கொடியில் காயவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணி டயப்பரின் கணக்கு 40 சதவீதம் வரை இறங்குகிறது. எப்போதும் ட்ரையரிலேயே காயவைத்தால் தூக்கி எறிவதைவிட மோசமாகிவிடுகிறது. 2023-ல் பிரிட்டனில் வந்த அடுத்த ஆய்வில் துணி டயப்பரின் கார்பன் கணக்கு தூக்கி எறிவதைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே வந்தது. ஆக, துவைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

துவைப்பதிலும் ஒரு தவறு உண்டு. பிள்ளையின் துணியாயிற்றே என்று சோப்புத்தூளை இரண்டு மடங்கு போடுவது, மென்மைக்கென்று ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றுவது. சாஃப்ட்னர் நூலின் மேல் ஒரு படலமாகப் படிந்துகொள்ளும், அப்புறம் துணி ஈரத்தை உறிஞ்சாது. டயப்பர் ஒழுகும், படுக்கை நனையும், இரண்டு வாரத்தில் “இது நமக்குச் சரிப்படாது” என்று மொத்தமும் அலமாரிக்குள் போய்விடும். இருபத்தைந்தை ஒரே நாளில் வாங்குவதற்குமுன் மூன்று நான்கை வாங்கிப் பார்ப்பது உத்தமம். இரவுக்கும் பயணத்துக்கும் கடை டயப்பர், மற்ற நேரம் துணி என்று கலந்து நடத்துவதில் ஒரு குற்றமும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: துணி டயப்பர் என்று முடிவெடுப்பது வீடு, துவைப்பது பெரும்பாலும் அம்மா. கை மாற்றிவிட ஆளில்லாத வீட்டில் இதை ஒரு கடமையாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெட் வைப்ஸ் பலவற்றில் பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது. கழிவறையில் போடலாம் என்று உறையில் எழுதியிருந்தாலும் போடாதீர்கள். லண்டன் சாக்கடை ஒன்றில் 2017-ல் கண்டுபிடித்த 130 டன் கொழுப்புக் கட்டி, எண்ணெய்ப் பிசுக்கோடு இந்த மாதிரித் துடைப்பான்களும் டயப்பர்களும் சேர்ந்து இறுகியதுதான். வீட்டில் இருக்கும்போது ஈரத்துணி போதும்.

“மட்கும்” என்ற முத்திரைக்கும் இதே எச்சரிக்கை. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் மட்கும் என்று விற்கப்பட்ட ஒரு பையை மண்ணிலும் கடல்நீரிலும் மூன்று வருடம் போட்டுவைத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அதில் சாமான் தூக்க முடிந்தது (2019). தாவர மாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் ஆன டம்ளர், ஸ்பூன் எல்லாம் மட்குவதற்கு ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் நீடிக்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். வீட்டு உரத்தொட்டியில் அந்தச் சூடு நிலைக்காது.

மூங்கில் தட்டு விஷயத்தில் நானே ஏமாந்தேன். கையில் லேசாக, வழவழப்பாக, அழகான வெளிர் நிறத்தில் இருக்கும். பலவற்றில் இருப்பது மூங்கில் தூளும் மெலமைன் என்ற பிளாஸ்டிக் பிசினும். சூடான உணவு பட்டால் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் வெளியேறலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் இவற்றைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. பழைய எவர்சில்வர் கிண்ணத்துக்கு ஈடு இல்லை.

புட்டிப்பால் கொடுக்கும் வீடுகளில் பயம் வேறு திசையில் இழுத்துப் போவதுண்டு. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த புட்டியில் சூடான நீர் ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்குக் கோடிக்கும் மேல் நுண்பிளாஸ்டிக் துகள்கள் சேரக்கூடும் என்று டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி 2020-ல் கண்டறிந்தது. இதைக் கேட்டு வெதுவெதுப்பான நீரிலேயே பால்மாவைக் கரைக்கத் தொடங்குவதுதான் தவறு. மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத நீரைத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, ஆறவைத்து, பிறகு புட்டியில் ஊற்றினால் இரண்டு கவலையும் தீரும்.

சரி, புதிதாக வாங்காமல் பழையதையே பயன்படுத்துவோம் என்று இறங்கினால் அங்கேயும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். உடைகள், புத்தகங்கள் எத்தனை கை மாறினாலும் நல்லது. பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் அப்படியல்ல. 2018-ல் பிளிமத் பல்கலைக்கழகத்தில் சுமார் 200 பழைய பொம்மைகளைச் சோதித்ததில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறத்தவற்றில் காட்மியம், ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் கூடுதலாகத் தென்பட்டன. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் பெயின்ட் உரியும் பொம்மை வேண்டாம். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத, குழந்தைக்கான பழைய கார் இருக்கையும் வேண்டாம். இவற்றை இன்னொரு வீட்டுக்குத் தானமாகவும் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே கிளீனர் தயாரிப்பவர்கள் வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் கலக்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். தயாரித்ததைப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றிவைப்பது அதைவிடச் சாதாரணமாக நடக்கும் தவறு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஜூஸ்தான். வாசனைக்குச் சேர்க்கும் யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் இயற்கையானவையே. வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

கடைசியாக, பிள்ளைகளிடம் பேசுவது. குழாயைத் திறந்துவிட்டு விளையாடிய நான்கு வயது மகளிடம், “தண்ணீர் தீர்ந்துபோனால் மீனெல்லாம் செத்துப்போகும்” என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். குழாயை உடனே மூடினாள். மறுநாள் கழிவறையிலிருந்து வந்தவளைக் கை கழுவச் சொன்னால் மாட்டேன் என்று அழுகிறாள், மீன் செத்துவிடுமாம். சின்னக் குவளை ஒன்றில் தண்ணீர் பிடித்துக் காட்டி, “இவ்வளவு செலவழிக்கலாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது” என்று சமாதானப்படுத்த ஒரு வாரம் பிடித்தது.